‘இங்கே அழுத்தவும்’ என்றால் எங்கே? இயங்கலைப் பாடத்தின் பொத்தான்களைச் சரிசெய்ய நான்கு வழிகள்

“டீச்சர், எந்த இங்கே?”

ஒரு சனிக்கிழமை காலை இயங்கலை வகுப்பில் படிவம் 5 மாணவி ஒருத்தி கேட்டாள். அவளுக்குப் பார்வை இல்லை. மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருளை, வைத்துப் படிக்கிறாள். வலிமிகும் இடங்கள் பாடத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாக வரவழைத்திருக்கிறாள். இன்சர்ட் விசையுடன் எஃப்7 அழுத்தினால் அந்தப் பட்டியல் வரும். வந்ததில் 11 வரிகள். பதினொன்றும் ‘இங்கே அழுத்தவும்’. எங்கள் கண்ணுக்கு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒலிபெருக்கிப் படம், மஞ்சள் பெட்டி, அம்புக்குறி என்று ஏதோ ஓர் அடையாளம் இருந்தது. அவள் காதுக்குப் போனது ஒரே வாக்கியம், 11 முறை.

கோலாலம்பூரில் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து, படிவம் 5 மாணவர்கள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் தமிழுக்கு இலவச வகுப்பு நடத்துகிறோம். கோவிட் தொற்றால் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு அவசர அவசரமாக எழுப்பிய பாடங்கள் அவை. மொத்தம் 36, மூடுல் என்ற இயங்கலைக் கற்றல் தளத்தில். அந்த அவசரத்துக்கு நியாயம் இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அப்படியே விட்டு வைத்ததற்கு நியாயம் இல்லை. ஆண்டிறுதி விடுமுறையில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான்கு யோசனைகள் வந்தன. ஒன்று, அந்த மாணவிக்கு மட்டும் தனியாக ஒரு வேர்ட் கோப்பு தயாரித்துக் கொடுப்பது. இரண்டு, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த உதவும் என்று விற்கப்படும் ஓர் ‘அணுகல்’ கருவியைப் பக்கத்தில் ஒட்டிவிடுவது. மூன்று, பக்கத்தின் தோற்றத்தைத் தொடாமல், திரைவாசிப்பானுக்கு மட்டும் கேட்கும் மறைவான பெயர்களை உள்ளே எழுதுவது. நான்கு, எல்லோருக்கும் தெரியும்படி சொற்களையே திருத்தி, போலிப் பொத்தான்களை எடுத்துவிட்டு உண்மையான பொத்தான்களையும் இணைப்புகளையும் வைப்பது.

நான் நான்காவது வழியின் பக்கம். மற்ற மூன்றையும் சும்மா தள்ளவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு பாடத்திலாவது செய்து பார்த்தோம்.

தனிக் கோப்பு யோசனையைச் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அரை நாள் வேலை, அடுத்த சனிக்கிழமைக்கே கொடுத்துவிடலாம். அவசரத்துக்கு இது உதவும், நாங்களும் அந்த ஒரு பாடத்துக்கு அப்படித்தான் கொடுத்தோம். ஆனால் மூன்றாவது வாரத்தில் பாடத்தில் ஒரு பயிற்சியை மாற்றினோம். கோப்பில் மாற்ற மறந்தோம். மற்ற பிள்ளைகள் புதுக் கேள்விக்குப் பதில் எழுத, இவள் பழைய கேள்விக்கு எழுதி அனுப்பினாள். கேஎல் சென்ட்ரல் இரயில் நிலையத்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குள் நடப்பவர்கள் நடைபாதையில் மேடு மேடான மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பார்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது; வெள்ளைக்கோல் பிடித்து நடப்பவர்களுக்கு வழிகாட்டும் ஓடுகள் அவை. அதன் மேல் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள், என்ன ஆயிற்று என்றுகூடத் தெரியாது. இடித்துக்கொள்பவருக்கு மட்டும்தான் தெரியும். தனிக் கோப்பும் அப்படித்தான். அவள் ஒருத்தி மட்டும் நடக்கும் பாதை என்பதால், அது பழுதானால் வேறு யார் கண்ணிலும் படாது.

ஒட்டுக் கருவியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பக்கத்தின் ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலிப் படம் வரும். தட்டினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம். இவற்றைக் கைப்பேசியும் உலாவியும் ஏற்கெனவே செய்கின்றன. எங்கள் நோய் வேறு: பொத்தானுக்குப் பெயர் இல்லை. பாடத்தை எழுதிய எனக்குத் தெரியாத பெயரை எந்தக் கருவி ஊகித்து வைக்கும்? இப்படிப்பட்ட கருவியை விற்கும் ஆக்சஸிபீ என்ற நிறுவனம், எந்த வலைத்தளத்தையும் அணுகல் தரத்துக்கு ஏற்றதாக ஆக்கிவிடும் என்று விளம்பரம் செய்ததற்காக 10 லட்சம் அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும் என அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்தது. இலவச வகுப்பு நடத்துபவர்கள் அந்தச் சந்தாப் பணத்துக்கு ஒரு நல்ல ஒலிவாங்கி வாங்கலாம்.

உண்மையான போட்டி மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும்தான்.

மறைவான பெயர் என்றால் என்ன? திரைவாசிப்பான் ஒரு பொத்தானுக்கு வரும்போது மூன்று செய்திகளைத் தேடும்: இதன் பெயர் என்ன, இது என்ன வகை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது. ‘கேள்வி 3 விடை, பொத்தான், சுருங்கியுள்ளது’ என்று அது சொன்னால், கேட்பவருக்கு வேண்டிய எல்லாமே வந்துவிட்டது. பெயரைக் கொடுக்க இரண்டு வழி. பொத்தான் மேலேயே எழுதுவது ஒன்று. ‘ஆரியா லேபல்’ என்ற பண்பில் நிரல்வரிக்குள் எழுதி வைப்பது இன்னொன்று. அப்படி எழுதினால் வெளியே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதையே திரைவாசிப்பான் சொல்லும். பக்கத்தின் அழகு கெடாது. எங்கள் குழுவில் வடிவமைப்பு பார்த்துக்கொள்பவருக்கு இது ரொம்பப் பிடித்தது. தமிழ்ச் சொற்கள் நீளம், பொத்தானுக்குள் அடங்காது, படக்குறியை வைத்துக்கொண்டு பெயரை உள்ளே ஒளித்துவிடலாம் என்றார். அவர் வாதத்தில் உண்மை இருக்கிறது.

சரி என்று நான்கு பாடங்களில் செய்தோம். ஐந்தாவது பாடத்தில் மாட்டிக்கொண்டோம். நாங்கள் புதுப் பாடம் எழுதும் முறை எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான்: பழைய பாடத்தை நகலெடுத்து, சொற்களை மாற்றுவோம். பாடம் 4-ஐ நகலெடுத்து, தெரிந்ததை எல்லாம் மாற்றினோம். உள்ளே இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. திரையில் ‘பாடம் 5’, அவள் காதில் ‘பாடம் 4 ஒலிப்பதிவு’. இரண்டு வாரம் யாரும் கவனிக்கவில்லை. அவளும் தன்மேல்தான் ஏதோ தவறு என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கையால் தொட முடியாமல் குரலால் கணினியை இயக்குபவர்கள், திரையில் பார்க்கும் சொல்லைத்தான் வாயால் சொல்வார்கள். வெளியே ஒரு பெயர், உள்ளே வேறு பெயர் என்றால் அவர்கள் கட்டளை வேலை செய்யாது. அதனால்தான் உலக அளவில் பின்பற்றப்படும் டபிள்யூசிஏஜி என்ற வலை அணுகல் வழிகாட்டி, 2018-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து, கண்ணுக்குத் தெரியும் சொல் உள்ளே இருக்கும் பெயரிலும் இடம்பெற வேண்டும் என்கிறது. மறைவான பெயருக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. எல்லோரும் அறிந்த ஒலிநிறுத்தக் குறி, பெட்டியை மூடும் பெருக்கல் குறி போன்றவற்றுக்கு அது வேண்டும். அங்கே ‘ஒலியை நிறுத்து’, ‘மூடு’ என்று உள்ளே எழுதாவிட்டால் வெறுமனே ‘பொத்தான்’ என்றுதான் கேட்கும். இந்தக் குறை எங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. வலை அணுகலை ஆராயும் வெப்எய்ம் அமைப்பு 2024-இல் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கியாகச் சோதித்ததில் 44.6 விழுக்காட்டுப் பக்கங்களில் பெயரற்ற இணைப்புகளும், 28.2 விழுக்காட்டில் பெயரற்ற பொத்தான்களும் இருந்தன.

ஆகவே நான்காவது வழி. இதில் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது நிரல் வேலை அல்ல, சொல் வேலை. தமிழாசிரியர்கள் நால்வர் உட்கார்ந்தால் அப்படித்தானே ஆகும்.

‘இங்கே அழுத்தவும்’, ‘மேலும் படிக்க’ இரண்டும் ஆங்கிலப் பக்கங்களிலிருந்து நாம் அப்படியே தூக்கிவந்தவை. அவற்றைத் திருத்தும்போது எங்களில் ஒருவர் ‘பதிவிறக்கம் செய்க: பாடம் 4 பயிற்சித்தாள்’, ‘பதிவிறக்கம் செய்க: பாடம் 4 விடைத்தாள்’ என்று எழுதினார். கேட்டுப் பாருங்கள். பட்டியலில் ஒவ்வொரு வரியும் ‘பதிவிறக்கம் செய்க’ என்றே தொடங்கும். திரைவாசிப்பானில் பழகியவர்கள் முழு வரியையும் கேட்பதில்லை. முதல் சொல்லைக் கேட்டு, வேண்டாதது என்றால் அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். முதல் இரண்டு சொல்லும் எங்கும் ஒன்றாக இருந்தால் அவர்கள் தாவவே முடியாது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். எது என்பது முன்னால், என்ன செய்வது என்பது பின்னால். ‘பயிற்சித்தாளைப் பதிவிறக்கு’, ‘விடைத்தாளைப் பதிவிறக்கு’ என்று நம் மொழி போகிற போக்கிலேயே எழுதினால், காதுக்கு வேண்டிய சொல் முதலிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் வினையை முன்னே வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. இது புரிந்த அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் மரியாதைப் பிரச்சினை. ‘அனுப்பு’ என்பதா, ‘அனுப்பவும்’ என்பதா? மூத்த ஆசிரியர் ஒருவருக்கு ‘அனுப்பு’ கறாராகப் பட்டது. படிப்பவரை ஒருமையில் ஏவுவது போல இருக்கிறது என்றார். நான் வேறு மாதிரி பார்த்தேன். பொத்தானில் இருப்பது யார் பேச்சு? மாணவி கணினியைப் பார்த்துச் சொல்கிறாள்: என் பதிலை அனுப்பு. இயந்திரத்துக்கு இடும் கட்டளையில் ஒருமை வந்தால் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. ‘அனுப்பவும்’ என்றால் இயந்திரம் நம்மைப் பார்த்துச் சொல்கிறது. அதனால் பொத்தான்களில் ‘பதிலை அனுப்பு’, ‘விடையைக் காட்டு’. பாடத்துக்குள் நாங்கள் மாணவர்களிடம் பேசும் இடங்களில் ‘எழுதுங்கள்’, ‘கேளுங்கள்’ என்று பிரித்துக்கொண்டோம். ‘அழுத்தவும்’, ‘சொடுக்கவும்’ இரண்டையும் எடுத்துவிட்டோம். விசைப்பலகையில் படிப்பவர் சொடுக்குவதில்லை, குரலில் படிப்பவர் அழுத்துவதில்லை.

நீளம் பற்றிய கவலைக்கும் பதில் கிடைத்தது. பொத்தானின் அகலத்தைக் கட்டிப்போடாமல் சொல்லுக்கு ஏற்ப விரியவும், இரண்டு வரியாக மடியவும் விட்டால் போதும். ‘பயிற்சித்தாளைப் பதிவிறக்கு’ கைப்பேசியில் இரண்டு வரியாக வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. பொத்தான் பெரிதாவதும் நல்லதே. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிலும் போதிய இடைவெளியாவது வேண்டும் என்கிறது. அதற்கும் மேலான நிலையில் 44-க்கு 44. எல்ஆர்டி இரயிலில் நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பாடம் பார்க்கும் பிள்ளையை நினைத்து நாங்கள் 44-ஐ எடுத்துக்கொண்டோம்.

இணைப்பா, பொத்தானா என்பது அடுத்த கேள்வி. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. வேறு இடத்துக்குப் போவது இணைப்பு; இருந்த இடத்தில் ஒன்றைச் செய்வது பொத்தான். ‘பாடம் 5’ இணைப்பு. ‘பதிலை அனுப்பு’ பொத்தான். என்விடிஏவில் கே (K) விசை அடுத்த இணைப்புக்கும் பி (B) விசை அடுத்த பொத்தானுக்கும் தாவும் என்பதால், வகை மாறினால் தேடுபவருக்குக் கிடைக்காது. திரைவாசிப்பான் இல்லாமல் விசைப்பலகையில் மட்டும் இயக்குபவருக்கு விசையும் மாறும்: பொத்தானை என்டராலும் இடைவெளி விசையாலும் இயக்கலாம், இணைப்புக்கு என்டர் மட்டும்தான். இணைப்பின் மேல் நின்று இடைவெளி விசையைத் தட்டினால் பக்கம் கீழே நகர்ந்துவிடும்.

எங்கள் பாடங்களில் இருந்த ‘விடையைக் காட்டு’ பெட்டிகள் இணைப்பும் இல்லை, பொத்தானும் இல்லை. ‘டிவ்’ என்ற வெறும் பெட்டிக்கு நிறமும் நிழலும் பூசி, சொடுக்கினால் இயங்கும்படி யாரோ இணையத்தில் கொடுத்த நிரலை ஒட்டியிருந்தோம். சுட்டெலிக்கு வேலை செய்யும். டேப் விசை அதில் நிற்கவே நிற்காது. அதைத் திருத்தவும் இரண்டு வழி உண்டு: அந்தப் பெட்டிக்கே பொத்தான் வேடம் போட்டு, டேப் நிற்கும் இடம், என்டர், இடைவெளி, நிலை அறிவிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பது; அல்லது பெட்டியைத் தூக்கிவிட்டு மெய்யான பொத்தானை வைப்பது. முதல் வழியில் ஐந்தில் ஒன்றை மறந்தாலும் கதவு மூடிவிடும். உலாவி இலவசமாகத் தருவதை நாம் ஏன் கையால் செய்ய வேண்டும்? ‘டீடெய்ல்ஸ்’, ‘சம்மரி’ என்ற இரண்டு எச்டிஎம்எல் குறிச்சொற்களில் விடையை மடித்து வைத்தோம். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை உலாவியே திரைவாசிப்பானுக்குத் தெரிவித்துவிடுகிறது. நிரல் ஒரு வரிகூட வேண்டியிருக்கவில்லை.

தமிழ் எழுத்துகளைப் படமாக்கிப் பொத்தானாக வைக்கும் பழக்கமும் நம்மிடம் நிறைய. ஒருங்குறி (யூனிகோடு) வருவதற்கு முந்தைய காலத்தின் மிச்சம் அது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாடு இது. ஆப்பிள் கருவிகளில் அஞ்சல் விசைமுகம் இருக்கிற இந்தக் காலத்திலும் ‘அடுத்த பக்கம்’ என்பதைப் படமாக வரைந்து ஒட்டுவதற்குக் காரணமே இல்லை. படத்தைப் பெரிதாக்கினால் மங்கும். படத்தை விவரிக்கும் மாற்று உரை எழுத மறந்தால் திரைவாசிப்பான் கோப்புப் பெயரையோ முகவரியையோ எழுத்து எழுத்தாக வாசிக்கத் தொடங்கிவிடும். எங்கள் பழைய பாடங்கள் இரண்டில் இதைவிட மோசமான ஒன்று இருந்தது: பழைய எழுத்துருவில் தட்டியவை. கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துக் குவியல். அதை எந்தக் குரலாலும் படிக்க முடியாது. ஒருங்குறிக்கு மாற்றியே தீர வேண்டும்.

குரல் என்றதும் மொழிக் குறி நினைவுக்கு வருகிறது. மலேசியத் தமிழ்ப் பக்கங்களில் இதுதான் சத்தமில்லாத பெரிய தடை. எங்கள் தளத்தின் இடைமுகம் ஆங்கிலத்தில் இருந்ததால், பக்கம் முழுவதும் ஆங்கிலம் என்றே உலாவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க வரும், தடுமாறும். சில குரல்கள் தமிழ்ச் சொற்களை அப்படியே விழுங்கிவிடும். பொத்தானுக்கு எவ்வளவு நல்ல பெயர் வைத்தும் பயனில்லை. மூடுலில் ஒரு பாடத்துக்கு மட்டும் மொழியைக் கட்டாயமாக்கும் அமைப்பு இருக்கிறது. தமிழ் மொழிப்பொதியை நிறுவி அதைத் தமிழாக்கினோம். இடைமுகத்தில் மொழிபெயர்க்காத ஆங்கிலச் சொற்கள் அங்கங்கே மிஞ்சியிருக்கின்றன. அவற்றைத் தமிழ்க் குரல் ஓரளவு சமாளித்துவிடுகிறது. ஆங்கிலக் குரலால் தமிழைச் சமாளிக்க முடிவதில்லை. இரண்டில் எது குறைந்த இழப்பு என்று பார்த்தால் பதில் தெளிவு.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளைப் பின்னணியில் ஆரஞ்சு எழுத்து எங்களுக்குப் பிடித்திருந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டு விகிதம் 2-க்கு 1 கூட வரவில்லை. சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 வேண்டும். கரும்பச்சைக்கு மாறினோம். இணைப்புகளின் அடிக்கோட்டை எடுக்க வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். ‘கு’, ‘து’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியில் கோடு முட்டுகிறது என்பது உண்மைதான். கோட்டைக் கொஞ்சம் கீழே தள்ளிவைத்தால் சரியாகிவிடுகிறது.

மூடுல் போன்ற தளம் இல்லாமல் கூகுள் வகுப்பறையிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) பாடம் நடத்துபவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்கள் கையில் நிரல் இல்லை, ஆனால் பெயர் வைக்கும் உரிமை முழுதும் இருக்கிறது. வகுப்பறையில் இணைக்கும் கோப்பின் பெயரே இணைப்பின் பெயராகக் கேட்கும். ‘பயிற்சி புதுசு இறுதி 2’ என்று கோப்புக்குப் பெயர் வைத்தால் அதுவேதான் அந்தப் பிள்ளையின் காதில் விழும். புலனத்தில் முகவரிக்குப் பின்னால் சொல்லை ஒளிக்க முடியாது. ஆகவே முகவரிக்கு முந்தைய வரியில் ‘பாடம் 9, புணர்ச்சி, காணொலி, 12 நிமிடம்’ என்று எழுதிவிட்டு அப்புறம் முகவரியை ஒட்டுங்கள். ஒரே செய்தியில் ஐந்து முகவரிகளைக் கொட்ட வேண்டாம். ஒரு செய்திக்கு ஒன்று.

செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மறைவான பெயர் எழுத ஒரு பாடத்துக்குச் சுமார் 20 நிமிடம் ஆனது. சொல்லைத் திருத்திப் பொத்தானை மாற்ற ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூன்று மடங்கு. ஆனால் இந்த நான்காவது வழியில் செய்ததைச் சரிபார்க்க நிரல் தெரிந்தவர் வேண்டியதில்லை. பக்கத்தைப் பார்க்கும் எந்த ஆசிரியரும் தவறைக் கண்டுபிடிப்பார். ஆண்டுதோறும் பாடங்களை நகலெடுத்துப் புதுப்பிக்கும் எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அந்த வித்தியாசம் பெரிது. தொழில்முறை நிரலாளரும், மாற்றம் வரும்போதெல்லாம் உள்ளே பார்க்கும் ஒழுங்கும் இருக்கும் பெரிய நிறுவனம் என்றால் மூன்றாவது வழியும் தாங்கும். தானியங்கிச் சோதனைக் கருவிகளை மட்டும் நம்பிவிடாதீர்கள். பெயர் இருக்கிறதா என்று அவை சொல்லும். பாடம் 5-க்குப் பாடம் 4 என்று பெயர் வைத்திருப்பதைக் கண்டுபிடிக்காது. சுட்டெலியைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையால் ஒரு பாடத்தை முழுதாக முடித்துப் பாருங்கள். என்விடிஏ இலவசம்தான், நிறுவி, இணைப்புப் பட்டியலை மட்டும் கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.

மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, தகவல், தொடர்பு, தொழில்நுட்பத்தை மற்றவர்களுக்குச் சமமாக அணுகும் உரிமையைப் பேசுகிறது. எங்கள் கூட்டத்தில் அதையும் ஒருவர் எடுத்துச் சொன்னார். நல்லதுதான். என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை பேசாமல் இருந்த இரண்டு வாரம்.

இதுவரை 22 பாடங்கள் முடிந்திருக்கின்றன. சொற்களை இழுத்துப் பொருத்தும் பயிற்சிகள் ஆறு பாக்கி. அவற்றை விசைப்பலகையில் செய்ய வழியில்லாததால், தேர்ந்தெடுக்கும் பட்டியல்களாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். போன சனிக்கிழமை அவள் புலனத்தில் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். “டீச்சர், பாடம் 9-ல பத்து ‘விடையைக் காட்டு’ இருக்கு. எந்த விடை?” அன்று மாலையே பத்தையும் ‘கேள்வி 1 விடையைக் காட்டு’, ‘கேள்வி 2 விடையைக் காட்டு’ என்று மாற்றினோம். மற்ற 21 பாடங்களிலும் அதே தவறு இருக்கிறது.